கம்ப்யூட்டரை மாற்றும் முன் உள்ளே இருக்கும் தமிழை எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்காசியில் 22 வருடமாக டிடிபி கடை நடத்தி வருகிறேன். மனு, கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பள்ளி ஆண்டு மலர் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பதுதான் தொழில். விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது, எல்லோரும் விண்டோஸ் 11-க்கு மாறுவது நல்லது என்று உங்கள் பத்திரிகையில் வந்ததைப் படித்தேன். அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு என்னைப் போன்ற சின்னக் கடைக்காரர்களும், பிள்ளை படிப்புக்காக ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களும் நேராகப் போய் நிற்பது கம்ப்யூட்டர் கடையில்தான், அங்கே கிடைக்கிற பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "இது ஓடாதுங்க, புதுசு வாங்கிடுங்க." எனக்கும் அதையேதான் சொன்னார்கள். அந்தப் பதிலை நம்பி வாங்கியிருந்தால் என்னென்ன போயிருக்கும் என்று இப்போது தெரிவதால் இதை எழுதுகிறேன்.

என்னிடம் மூன்று கம்ப்யூட்டர் இருக்கின்றன. கடையில் இரண்டு, வீட்டில் ஒன்று. மூன்றுக்கும் மூன்று விதமாக முடிவெடுக்க வேண்டியிருந்தது.

முதலில் கடையில் தினமும் ஓடும் மெஷின். 2018-இல் வாங்கியது, ஐ5-8400 பிராசஸர். விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்க்கும் மைக்ரோசாஃப்டின் சோதனைச் செயலியை ஓட்டினால் டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி) இல்லை என்று சிவப்பில் வந்தது. ஒரு சர்வீஸ் கடையில் கேட்டேன், மெஷினைத் திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு மாற்ற வேண்டும், அதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றார்கள். மூன்று நாள் அதே கவலை. அப்புறம் பாலிடெக்னிக் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி கடைக்கு பிரிண்ட் எடுக்க வந்தவன், மெஷினை அணைத்துப் போட்டு டெலிட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தான், விண்டோஸ் தொடங்கும் முன் மெஷினின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரை வந்தது. பாதுகாப்பு என்று இருந்த பகுதிக்குள் போய், பிடிடி என்று ஒரு வரியைக் காட்டினான். பக்கத்தில் டிசேபிள்டு என்று இருந்தது. "அக்கா, இது மெஷினுக்குள்ளயேதான் இருக்கு, ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க." அதை எனேபிள் செய்து, சேமித்து, வெளியே வந்தான். அவ்வளவுதான், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தனிச் சிப் இல்லாமலே இந்தப் பாதுகாப்பு வசதி மெஷினுக்குள் இருக்கிறது, இன்டெலில் அதற்குப் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். பல மெஷின்களில் அதை அணைத்து வைத்தே விற்றிருக்கிறார்கள். அடுத்து, ஹார்டு டிஸ்க் பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தது, அதையும் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கான கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொண்டுதான் அதில் கைவைத்தோம். செலவு ஒரு ரூபாய் இல்லை. அந்த மெஷின் இன்று விண்டோஸ் 11-இல் ஓடுகிறது.

இதைப் படிப்பவர்கள் தங்கள் பிராசஸரின் பெயரைப் பாருங்கள். இன்டெல் என்றால் ஐ3, ஐ5 என்பதற்கு அடுத்த கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் தலைமுறை. 8400 என்றால் 8, 10400 என்றால் 10, 4130 என்றால் 4. பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு அனுமதி. 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ உள்ள மெஷினை யாராவது ஓடாது என்று சொன்னால் முதலில் பயாஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பது ஐ3-4130. அதற்கு அனுமதி இல்லை. யூஎஸ்பியில் ஏதோ செய்து சோதனையைத் தாண்டி ஏற்றிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள், ஏற்றவும் முடியும். ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் எந்த உறுதியும் கொடுக்கவில்லை, பாதுகாப்புக்காக மாறுகிறோம் என்று சொல்லிவிட்டு அதில் போய் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு வழி இருந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்தாலும், வீட்டு உபயோகத்துக்கு ஒரு வருட நீட்டிப்பு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும், கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து 30 டாலர் கட்டலாம், அல்லது நம் அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசே வேண்டாம். மெஷினில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். நிறுவனங்களுக்கு வேறு கணக்கு, முதல் வருடம் ஒரு மெஷினுக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரண்டு மடங்காகும். இந்த நீட்டிப்பு இருப்பதே எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. நீட்டிப்பு முடிந்ததும் அந்த மெஷினில் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடப்போகிறேன், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி ஏற்கெனவே போட்டாகிவிட்டது. மகள் பாடம் படிக்கவும் யூடியூப் பார்க்கவும் அது போதும், தமிழ்99 தட்டச்சும் அதில் இருக்கிறது. லினக்ஸ் என்றால் நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. கேரளத்துப் பள்ளிகள் பல வருடமாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன.

அப்டேட் நின்ற மெஷினை அப்படியே நெட்டில் விட்டு வைப்பதை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்க மெஷின்களைப் பூட்டிக் காசு கேட்டது நினைவிருக்கும். அதற்கான அப்டேட் அந்த மார்ச் மாதமே வந்துவிட்டது, போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். என் கடையில் வருகிறவர்களின் ஆதார் எண், வங்கிப் பாஸ்புக், ஓடிபி எல்லாம் என் மெஷின் வழியாகப் போகிறது. அடுத்தவர் பணம் அது. அந்த வேலைக்குப் பாதுகாப்பான விண்டோஸ்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை.

இப்போது மூன்றாவது மெஷினுக்கு வருகிறேன், இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

அது விண்டோஸ் 7, 32 பிட். நெட் வயரைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். அதில் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7 இருக்கிறது, 2001-இல் வந்தது, அதோடு அந்த மென்பொருளே நின்றுவிட்டது. ஆனாலும் இன்றுவரை தமிழ்நாட்டில் எத்தனையோ டிடிபி கடைகளில் சோறு போடுவது அதுதான். 2004-இல் காசு கொடுத்து வாங்கிய தமிழ் எழுத்துரு மென்பொருளும் அதில் இருக்கிறது, அதற்கு பிரிண்டர் போர்ட்டில் சொருகும் ஒரு லாக் உண்டு, கட்டைவிரல் அளவு. லாக்கைக் கழற்றினால் எழுத்து வராது. புது மெஷின்களில் அந்த போர்ட்டே கிடையாது. இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் விண்டோஸ் 11 வெறும் 64 பிட் மட்டும்தான் வருகிறது, லாக்கை இயக்கும் பழைய 32 பிட் டிரைவர் அதில் ஏறாது. விற்றவர்களைத் தேடினேன், அந்த போன் எண்ணே இப்போது இல்லை.

போன தை மாதம் ஒருவர் வந்தார், நாற்பது வயது இருக்கும். அவர் அப்பா பள்ளிக்கூட வாத்தியார், தன் ஊரின் வரலாற்றை, எந்தக் குளத்தை யார் வெட்டியது, எந்தத் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்றெல்லாம் நோட்டில் எழுதி வைத்து, 2006-இல் என்னிடம் கொடுத்து அடிக்கச் சொன்னார். 84 பக்கம். புத்தகம் போட வசதிப்படவில்லை. அவர் இறந்துவிட்டார், நோட்டு கரையான் அரித்துவிட்டது, மீதி இருப்பது நான் அன்று எழுதிக் கொடுத்த சிடி ஒன்றுதான். மகன் அதைப் புது லேப்டாப்பில் போட்டுப் பார்த்திருக்கிறார். பேஜ்மேக்கர் கோப்பு திறக்கவே இல்லை. கூடவே இருந்த வேர்டு கோப்பு திறந்தது, ஆனால் அதில் தமிழே இல்லை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது அது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். 84 பக்கமும் அப்படி. "கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டாங்க, நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கம்மா" என்று சிடியை நீட்டினார். என் பழைய மெஷினில் போட்டேன், சிடி இரண்டு நிமிடம் சுற்றிச் சுற்றிப் படித்தது, முதல் பக்கத்தில் அப்பா பெயர் வந்ததும் அவர் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

இப்படி எத்தனை ஊரில் எத்தனை சிடி, எத்தனை ஹார்டு டிஸ்க். தல வரலாறு, குலதெய்வப் பாட்டு, சங்கத்தின் மினிட்ஸ் புத்தகம், வெள்ளி விழா மலர், அச்சுக்குப் போகாத கவிதை. 1990-களிலிருந்து பத்துப் பதினைந்து வருடம் தமிழில் அடித்ததெல்லாம் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு குறிமுறை, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற கணக்கு. டாப், டாம், டிஸ்கி, பாமினி, அது போகக் கம்பெனிக்கு ஒன்று. 2010-இலேயே தமிழ்நாடு அரசு எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, ஆனால் அதற்கு முன் அடித்தது தானாக மாறிவிடாது. பழைய மெஷினைப் பழைய இரும்புக்குப் போடுகிற அன்று அதெல்லாம் சத்தமில்லாமல் போய்விடும்.

மாற்றுவது முடியாத காரியம் இல்லை. என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனால் பொத்தானை அழுத்தியதும் முடிகிற வேலை என்று நினைத்துவிடக் கூடாது, அதனால்தான் கடைசி நாளில் இதைத் தொடங்காதீர்கள் என்கிறேன். பழைய எழுத்துருவில் 'கெ' என்பதற்குக் கொம்பை முதலில் அடித்துவிட்டு அப்புறம்தான் 'க' அடிப்போம். வரி மடங்கும் இடத்தில் கொம்பு மேல் வரியிலும் எழுத்து கீழ் வரியிலும் நின்றுவிட்டால் மாற்றும்போது கொம்பு அனாதையாகத் தனியே நிற்கும். நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழென்று நினைத்து மாற்றிவிடும். அந்த வாத்தியாரின் 84 பக்கத்தைச் சரிபார்க்க எனக்கு ஒன்பது ராத்திரி ஆனது. பேஜ்மேக்கர் கோப்பை, அதற்குப் பிறகு வந்த பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் திறக்கலாம் என்பார்கள், சிஎஸ்6 பதிப்பு வரைதான் அது நடக்கும், அதற்குப் பிந்தைய பதிப்புகள் பேஜ்மேக்கரை ஏற்பதில்லை. யூனிகோடில் லதா எழுத்துருவில் அடித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: புதிதாக விண்டோஸ் போட்டதும் லதா இல்லையே என்று பதற வேண்டாம், விண்டோஸ் 10-இலிருந்தே அது கூடுதல் எழுத்துருவாகத் தனியே வைக்கப்பட்டிருக்கிறது, அமைப்புகளில் விருப்ப வசதிகள் பகுதிக்குப் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இது பெரிய ஆபத்து என்பதால் சொல்லியே ஆக வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு கடையில் விண்டோஸ் 11 புதிதாகப் போட்டு வாங்கினார். இரண்டு மாதம் கழித்து ஏதோ பழுது பார்த்த பிறகு நீலத்திரை வந்து 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், டிஸ்க்கை அதுவே பூட்டிவிடுகிறது, சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும். கடைப் பையன் ஏதோ ஒரு மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கியிருக்கிறான், கடவுச்சொல்லை யாரும் எழுதி வைக்கவில்லை. பேத்தி பிறந்தநாள் படம் அத்தனையும் போனது. விண்டோஸ் போட்டுக் கொடுக்கும்போது எந்தக் கணக்கு, என்ன கடவுச்சொல் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அந்த 48 இலக்க எண்ணையும் சேர்த்து.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று, மென்பொருள் விற்றவர்களுக்கு ஒன்று. தமிழ் எழுத்துரு மென்பொருளை லாக்கோடு விற்றவர்களில் இன்றும் தொழிலில் இருப்பவர்கள், விற்பனை நின்றுபோன பழைய பதிப்புகளுக்காவது லாக் இல்லாமல் ஓடும்படி செய்து கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் குறிமுறையை யூனிகோடுக்கு மாற்றும் அட்டவணையையாவது வெளியிடுங்கள். நாங்கள் அன்றைக்கு முழுக் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். உங்கள் பத்திரிகை, மாறுங்கள் என்று ஒரு செய்தி போட்டது போல, மாறுவதற்கு முன் பழைய தமிழ்க் கோப்புகளை எப்படிக் காப்பாற்றுவது என்று ஒரு முழுப் பக்கம் போட வேண்டும். படம் வேண்டுமானால் என் கடைக்கு வாருங்கள், மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

என்னிடம் இன்னும் 140 சிடி மீதி இருக்கிறது. ஷட்டரை இறக்கிய பிறகு ராத்திரி இரண்டு சிடி வீதம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிலவற்றைச் சிடி டிரைவ் படிக்க மறுக்கிறது. யாருடைய சிடி என்று மேலே எழுதியிருப்பவர்களுக்கு போன் செய்து சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

இப்படிக்கு,
டிடிபி கடை நடத்தும் வாசகி,
தென்காசி.