பலகையில் என் பெயர் இருக்கும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில், "ஏர்போர்ட்டிலிருந்து ஹோட்டலுக்கு எப்படிப் போவாய்?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் இறங்கினப்புறம் பார்த்துக்கலாம்ப்பா" என்றாய். நானும் சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. திரும்பக் கூப்பிட்டால் இரண்டாவது வாக்கியத்திலேயே "தெரியும்ப்பா" என்பாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

டிக்கெட்டை அலுவலகம் எடுத்துக் கொடுத்துவிட்டது. ஹோட்டலும் அவர்கள் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு மணி நேரப் பாதையைத்தான் உன்னிடம் விட்டிருக்கிறார்கள். பயணத்திலேயே நீ மிகவும் களைத்திருக்கப்போகிற நேரம் அதுதான். காது அடைத்திருக்கும், தூக்கம் கண்ணைச் சொருகும், போனில் சார்ஜ் பாதிக்குக் கீழே போயிருக்கும். அந்த நிலையில் ஒரு புது ஊரில் நின்றுகொண்டு எந்த வண்டி, எவ்வளவு, யாரை நம்புவது என்று யோசிக்க வேண்டாம். இப்போது வீட்டில் உட்கார்ந்து தெளிவாக இருக்கும்போதே முடிவெடுத்து, உனக்கென்று ஒரு காரைப் பதிவு செய்துவிடு.

எப்போதும் இப்படிச் செய் என்று சொல்லமாட்டேன். பகலில் ஒரே ஒரு பையோடு இறங்கினால் ரயிலில் போ என்று நானே சொல்வேன். பெரிய நகரங்களில் நெரிசல் நேரத்தில் காரை விட ரயில்தான் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும், காசும் குறைவு. ஆனால் நீ இறங்குவது நள்ளிரவு 12.40-க்கு. அந்த நேரத்தில் பல ஊர்களில் ரயில் நின்றுபோயிருக்கும், அல்லது கடைசி ரயிலைப் பிடிக்கப் பெட்டியோடு ஓட வேண்டியிருக்கும். தனியாக வேறு போகிறாய்.

முதலில் தேதியைச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். நீ 14-ஆம் தேதி மாலை கிளம்புகிறாய், இறங்கும்போது 15 பிறந்துவிடும். டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் +1 என்று போட்டிருக்கும், பார்த்தாயா? அதற்கு அர்த்தம் அதுதான். ஆகவே காருக்கு 15-ஆம் தேதி, 00.40 என்று போட வேண்டும். 14 என்று போட்டால் ஓட்டுநர் ஒரு நாள் முன்பே வந்து காத்திருந்துவிட்டு, 'ஆள் வரவில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். காசும் திரும்பாது. 12.40 என்று போட்டு ஏஎம், பிஎம் மாற்றி அழுத்தினாலும் இதே கதிதான், பகல் 12.40-க்கு வந்து நிற்பார்.

வேடிக்கை என்னவென்றால், ஹோட்டலுக்குக் கணக்கு நேர் எதிர். ஹோட்டலில் 15-ஆம் தேதி அறை என்றால் அன்று மதியத்துக்கு மேல்தான் சாவி கொடுப்பார்கள். நீ இரவு இரண்டு மணிக்குப் போய் நின்றால் வரவேற்பறை சோபாதான். ஆகவே அறை 14-ஆம் தேதி இரவிலிருந்து இருக்க வேண்டும், கார் 15-ஆம் தேதிக்கு இருக்க வேண்டும். அலுவலகத்தில் எந்தத் தேதிக்கு அறை போட்டிருக்கிறார்கள் என்று உடனே பார். 14 என்றே இருந்தாலும், "நள்ளிரவு தாண்டித்தான் வருவேன், அறையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்" என்று ஹோட்டலுக்கு ஒரு வரி எழுதிவிடு. இரவு பத்து, பதினொரு மணிக்கு மேலும் ஆள் வரவில்லையென்றால் சில இடங்களில் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள்.

அடுத்தது எந்த விமான நிலையம் என்பது. சிரிக்காதே. பெரிய நகரங்களுக்கு ஒன்றுக்கு மேல் இருக்கும். டோக்கியோவில் ஹனேடா நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, நரிடாவோ நகர மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். இஸ்தான்புல்லில் ஒன்று ஐரோப்பியக் கரையில், இன்னொன்று ஆசியக் கரையில். பாரிஸ் பெயரைச் சொல்லி டிக்கெட் விற்கிற பொவே விமான நிலையம் பாரிஸிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊர்ப் பெயரை நம்பாதே, டிக்கெட்டில் இருக்கும் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துப் பதிவு செய். டெர்மினலையும் அங்கேயே பார்த்துக்கொள், நினைவிலிருந்து எழுதாதே. லண்டன் ஹீத்ரோவில் 1 என்ற டெர்மினலே இப்போது கிடையாது, 2015-இல் மூடிவிட்டார்கள். இன்னமும் சிலர் பழைய ஞாபகத்தில் 1 என்று சொல்வதுண்டு.

விமான எண்ணைக் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடாதே. பதிவுப் படிவத்திலேயே முக்கியமான கட்டம் அதுதான். அந்த எண்ணை வைத்துத்தான் விமானம் எப்போது தரை தொடுகிறது என்று அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், இரண்டு மணி நேரம் தாமதமானால் ஓட்டுநரும் இரண்டு மணி நேரம் தள்ளி வருவார். நீ நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாறுகிறாய் அல்லவா, கொடுக்க வேண்டியது இரண்டாவது விமானத்தின் எண். முதலாவதைக் கொடுத்தால் அது வேறு ஊரில் சரியான நேரத்துக்கு இறங்கிவிட்டதைப் பார்த்து அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். ஒருவேளை முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டு, வேறு விமானத்தில் ஏற்றினார்கள் என்றால், அது அவர்களுக்குத் தானாகத் தெரியாது. ஏறுவதற்கு முன்பே நீதான் புது எண்ணைச் சொல்ல வேண்டும்.

காத்திருக்கும் நேரம் என்று ஒன்று போட்டிருப்பார்கள். வெளிநாட்டு விமானம் என்றால் பல நிறுவனங்கள் 60 நிமிடம் இலவசமாகக் காத்திருக்கும், சில 45 என்று வைத்திருக்கும். அந்தக் கணக்கு விமானம் தரை தொட்டதிலிருந்து ஓட ஆரம்பிக்கும், நீ வெளியே வந்ததிலிருந்து அல்ல. விமானம் வாசலுக்கு ஊர்ந்து போவது, பாஸ்போர்ட் பார்க்கும் குடியேற்ற வரிசை, பெட்டிக்காகப் பெல்ட் பக்கத்தில் நிற்பது எல்லாமே அதற்குள் அடக்கம். கூட்டமான இரவில் குடியேற்ற வரிசையிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். வரிசை நீளமாக இருந்தால் நின்ற இடத்திலிருந்தே ஓட்டுநருக்கு ஒரு செய்தி போட்டுவிடு. போனை எடுக்கக் கூடாது என்று அங்கே எழுதியிருந்தால் வெளியே வந்த பிறகு போடு.

செய்தி போட இணையம் வேண்டும். விமான நிலைய வைஃபையை நம்பி இருக்காதே, பல இடங்களில் உன் நம்பருக்கு ஓடிபி வந்தால்தான் அது திறக்கும், ரோமிங் இல்லாத நம்பருக்கு ஓடிபி எங்கே வரும்? ரோமிங்கோ, போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் இ-சிம்மோ கிளம்பும் முன்பே போட்டுக்கொள். எந்த நம்பர் அங்கே வேலை செய்யுமோ அதை, நாட்டுக் குறியீட்டோடு சேர்த்துப் படிவத்தில் கொடு. அப்புறம் அந்த ரசீதையும் ஹோட்டல் முகவரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. ஹோட்டல் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் ஒரே நகரத்தில் நாலைந்து ஹோட்டல்கள் இருக்கும், தெருவும் அஞ்சல் குறியீடும் சேர்த்துக் கொடு.

யாரிடம் பதிவு செய்வது என்று கேட்பாய். ஹோட்டலிலேயே கேட்கலாம், கொஞ்சம் அதிகம் கேட்பார்கள், ஆனால் ஏதாவது ஆனால் பொறுப்பு அவர்களுடையது. இணையத்தில் இருக்கும் பெரிய நிறுவனங்களில் பல சொந்தமாகக் கார் வைத்திருப்பதில்லை, அந்தந்த ஊர்க்காரர்களிடம் வேலையைக் கொடுத்துவிடும். தப்பில்லை, ஆனால் ரசீதில் அந்த ஊர்க்காரரின் 24 மணி நேர நம்பர் இருக்கிறதா என்று பார். சாலைச் சுங்கம், பார்க்கிங், இரவுக் கட்டணம் எல்லாம் அந்தத் தொகைக்குள் வருகிறதா, எத்தனை மணி நேரம் முன்னால்வரை ரத்து செய்யலாம், இந்த இரண்டையும் படித்துவிட்டுக் காசு கட்டு. 'ஷேர்டு' என்ற சொல் எங்காவது தென்பட்டால் அது வேண்டாம். அது மலிவுதான், ஆனால் இன்னும் நாலு பேர் சேரும்வரை நிறுத்தி வைத்து, நாலு ஹோட்டல் சுற்றி, உன்னைக் கடைசியில் இறக்குவார்கள்.

இப்போது, ஓட்டுநர் நம் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அந்தப் பலகை விஷயத்துக்கு வருகிறேன். இதை உன் அம்மாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

சில வருடங்களுக்கு முன் அலுவலக வேலையாக நான் முதல்முறை வெளிநாடு போனேனே, அப்போது கார் பதிவு செய்திருந்தார்கள். வெளியே வந்தால் கம்பிக்கு அந்தப் பக்கம் ஐம்பது அறுபது பலகைகள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போகிறேன், என் பெயர் இல்லை. ஒரு முறை போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். முக்கால் மணி நேரம். ஓர் ஆள், "டாக்ஸி வேண்டுமா, உங்கள் கார் வராது, நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்று பின்னாலேயே வந்தான். கடைசியில் சலித்துப்போய் அவனோடு கிளம்பப் போன சமயம், ஒரு பலகை கண்ணில் பட்டது. அதில் உன் தாத்தாவின் பெயர். ஒரு நொடி எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாழ்க்கையில் விமானத்தில் ஏறாத மனுஷன், இறந்து பல வருடமாகிவிட்டது, அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு ஓர் அந்நிய ஊரில் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிறார்.

அப்புறம்தான் உறைத்தது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். பலகை எழுதுகிறவர்கள் அதைத்தான் எழுதுவார்கள். அந்தப் பலகையை நான் மூன்று முறை கடந்து போயிருக்கிறேன். காரில் ஹோட்டல் போய்ச் சேரும்வரை பேச்சு வரவில்லை, அது தூக்கத்தினால் மட்டும் அல்ல.

உனக்கும் அதேதான் நடக்கும். படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப் பெயரையும் எழுது, இனிஷியலை மட்டும் தட்டிவிட்டுப் போகாதே. வெளியே வந்ததும் உன் பெயரைத் தேடாதே, என் பெயரைத் தேடு.

பலகையைக் கண்டதும் உடனே பெட்டியைக் கொடுத்துவிடாதே. "எனக்காகத்தான் வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்பார்கள். "யாரைக் கூட்டிப்போக வந்திருக்கிறீர்கள், எந்த ஹோட்டலுக்கு?" என்று கேள். பலகையில் இருப்பது உன் பெயரில் பாதிதான், மீதியை அவர் சொல்லட்டும். வண்டி எண் உனக்கு வந்த செய்தியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் பின் இருக்கையில் உட்கார். பலகை இல்லாமல் தானாக வந்து கூப்பிடுகிறவர்களுக்குப் பதிலே சொல்லாதே. "உங்கள் பதிவு ரத்தாகிவிட்டது", "அந்த ஹோட்டல் மூடிக் கிடக்கிறது" என்பார்கள். நகரத்துக்கு நகரம் மாறாத பல்லவி அது. லண்டனில் மினிகேப் என்று சொல்கிற தனியார் வாடகைக் கார்கள் முன்பதிவு இல்லாமல் ஆள் ஏற்றவே கூடாது, சட்டமே அப்படி. ஆகவே வாசலில் நின்று கூவுகிறவன் அங்கே சட்டத்தை மீறித்தான் கூவுகிறான்.

ஆளைக் காணோம் என்றால் கட்டடத்தை விட்டு வெளியே போகாதே. தகவல் மேசைக்குப் பக்கத்தில் நில், ரசீதில் உள்ள நம்பருக்குக் கூப்பிடு, நிற்கும் இடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பேசாமல் வேறு வண்டி பிடித்துப் போனால், வராதது நீதான் என்று அவர்கள் எழுதிவிடுவார்கள். பேசியும் அரை மணி நேரத்தில் வழி பிறக்கவில்லை என்றால் விமான நிலையத்தின் அதிகாரப்பூர்வ டாக்ஸி வரிசைக்குப் போ. காசு போனால் போகட்டும்.

திரும்பி வரும் பயணத்துக்கும் இப்போதே பதிவு செய்யலாமா என்று யோசித்தேன், வேண்டாம். அதற்குள் உனக்கு ஊர் பழகியிருக்கும், நீயே பார்த்துக்கொள்வாய்.

காரில் ஏறியதும் லொகேஷனை எனக்கு அனுப்பிவிடு. இங்கே மணி என்னவாக இருந்தாலும் விழித்திருப்பேன், அம்மா தூங்குவதாகப் பாசாங்கு செய்வாள். பலகையில் என் பெயரை எப்படியும் தப்பும் தவறுமாகத்தான் எழுதியிருப்பார்கள். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, எத்தனை எழுத்தை விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா