லண்டனில் வழிகாட்டிய அந்த அம்மாவுக்கு நன்றி

செயின்ட் பால்ஸ் தேவாலய வரிசையில் எனக்கு முன்னால் நின்ற, நீலக் கம்பளித் தொப்பி போட்ட அம்மாவுக்கு இந்த நன்றி. பேச்சுவாக்கில் என் வரைபடத்தை வாங்கி, பேனாவால் மூன்று இடங்களை வட்டமிட்டுக் கொடுத்தார்.

முதல் வட்டம் போஸ்ட்மேன்ஸ் பார்க். சில நிமிட நடைதான். பிறரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட சாமானியர்களுக்காக, ஓவியர் ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸின் முயற்சியால் 1900-இல் எழுந்த நினைவுச் சுவர் அங்கே இருக்கிறது. அவர்களின் பெயர்களைச் சொல்லும் பீங்கான் பலகைகள். ஆலிஸ் ஏயர்ஸ் என்ற பெண்ணின் பலகை முன் வெகுநேரம் நின்றுவிட்டேன். கொத்தனாருக்குக் கையாளாக இருந்த கூலித் தொழிலாளியின் மகள். 1885 ஏப்ரலில், யூனியன் தெருவில் தீப்பிடித்த வீட்டிலிருந்து 3 குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டுத் தன் உயிரைக் கொடுத்திருக்கிறார். அந்த ஊரின் ராஜா, தளபதி சிலைகள் எதுவும் என்னை இப்படி நிறுத்தவில்லை.

அடுத்தது கில்டுஹால் என்ற பழைய நகர மண்டபம். கலைக்கூடத்துக்கு அடியில், 1988-இல் கண்டுபிடித்த ரோமானிய அரங்கத்தின் இடிபாடுகள். மேலே முற்றத்துத் தரையில் அதன் வளைவைக் கறுப்புக் கல்லால் காட்டியிருக்கிறார்கள். பலர் கவனிக்காமல் மிதித்துப் போகிறார்கள், பாவம்.

கடைசியாக செயின்ட் டன்ஸ்டன் இன் த ஈஸ்ட். 1941 குண்டுவீச்சில் சிதைந்த தேவாலயம் இப்போது பூங்கா. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் கட்டிய கோபுரமும் வெளிச் சுவர்களும் தப்பின. கண்ணாடியில்லாத ஜன்னல்களில் கொடிகள் படர்ந்திருக்கின்றன.

செயின்ட் பால்ஸுக்குள் அன்று நான் போகவே இல்லை. ரொம்ப நன்றி அம்மா!