தியேட்டர் வாசலில் நாலரை மணித்தியாலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் என் தங்கச்சிக்குக் கருப்பை எடுக்கும் ஒப்பரேஷன் நடந்தது. வயிற்றைப் பெரிதாக வெட்டாமல், நாலு சின்னத் துளை போட்டுக் கெமராவால் பார்த்துச் செய்கிற முறை. "ரெண்டு மணித்தியாலத்தில முடிஞ்சிடும்" என்று முதல்நாள் வாட்டில் சொன்னார்கள். காலை எட்டேமுக்காலுக்குத் தள்ளுவண்டியில் ஒப்பரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போனார்கள். ஒன்றேகாலுக்குத்தான் வெளியே வந்தாள். இடையில் அந்தக் கதவு எத்தனையோ தரம் திறந்து மூடியது. ஒருவராவது எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

பதினொரு மணி தாண்டியதும் அம்மாவின் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணீர் ஊற்றியபடியே ஆறிப்போய்க் கிடந்தது. நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்தார். பக்கத்தில் இருந்த ஒரு மனிசி, "கமரா ஒப்பரேஷன் எண்டா கெதியா முடியுமே, ஏதோ பிழைச்சுப் போச்சுப் போல" என்றார். 76 வயதுத் தாய் கேட்கிற சொல்லா அது?

ஒன்றும் பிழைக்கவில்லை. பின்னேரம் வாட்டுக்கு வந்த டொக்டர் ஆறுதலாக நின்று எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். அதே விளக்கம் முதல்நாளே கிடைத்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டி வந்திராது.

சாதாரணக் கருப்பை 60, 80 கிராம் அளவில்தான் இருக்கும். தங்கச்சியுடையது கட்டிகளோடு சேர்ந்து 520 கிராம். அவ்வளவு பெரிதாக இருந்தால் உள்ளே கெமராவுக்கும் கருவிக்கும் அசைய இடம் இல்லை. வெட்டி விடுவித்த பிறகும் அந்தச் சின்னத் துளைகளால் அதை வெளியே எடுக்க முடியாது. உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு, துண்டு துண்டாக நறுக்கி, பிறப்புவழியால் எடுத்திருக்கிறார்கள். மோட்டார்க் கருவியால் நறுக்கினால், கட்டிக்குள் தெரியாமல் புற்றுநோய் இருந்தால் வயிறெங்கும் பரவிவிடலாம் என்று 2014 இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரித்ததாம். அதைத் தடுக்கத்தான் அந்தப் பை. அதற்காகப் போன நேரத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

அடுத்தது, தங்கச்சியின் இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். பழைய தழும்பில் சிறுநீர்ப்பை கருப்பையோடு ஒட்டிப்போயிருந்தது. நான் 28 வருடமாகத் தையல் படிப்பிக்கிறவள். பழைய சட்டையில் நெருக்கமாக ஓடின தையலைப் பிரிக்கும்போது அவசரப்பட்டால் நல்ல துணிதான் கிழியும். இங்கே கிழியக்கூடியது சிறுநீர்ப்பை. அதற்குப் பக்கத்திலேயே சிறுநீரகத்திலிருந்து வருகிற குழாய், கருப்பைக்குப் போகிற பெரிய இரத்தக் குழாயின் கீழால் போகிறது. கருப்பைக் கழுத்துக்கும் அதற்கும் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர்தான் இடைவெளி. அது எங்கே போகிறது என்று கண்டுகொள்ளாமல் கத்தரிக்கோலை வைக்கக்கூடாது. கடைசியில் பிறப்புவழியின் மேல்முனையைத் தைத்து மூடவேண்டும். துணியில் விரல் படாமல், நீண்ட இரண்டு கம்பிகளின் நுனியால், திரையைப் பார்த்துத் தைப்பது என்றால் என்னவென்று எனக்கு விளங்கும்.

ஆனால் எல்லாவற்றையும்விட நேரம் எடுத்தது குடல். குடல் வயிற்றுச் சுவரோடும் கருப்பையின் வலப்பக்கத்தோடும் ஒட்டியிருந்தது. "அப்பென்டிக்ஸ் எடுத்தது எண்டுதான் கொப்பியில கிடக்கு. அது வெடிச்சதா?" என்று டொக்டர் கேட்டார். அம்மா உடனே சொன்னார்: "ஓம் ஐயா, 94 இல. வெடிச்சுச் சீழ் பிடிச்சு ரெண்டு கிழமை கிடந்தவள்." அந்த ஆஸ்பத்திரித் துண்டு, கடிதம் எல்லாம் 95 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்ததோடு போய்விட்டன. தங்கச்சிக்குத் தழும்பு இருப்பது தெரியும், வெடித்த கதை சரியாகத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் கதவுக்கு வெளியே கதிரையில் இருந்தார். கிளினிக்கில் அவரை ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் கூட்டிக்கொண்டு போகவில்லை. வயிற்றுக்குள் சீழ் பிடித்திருந்தால் இப்படி ஒட்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

இன்னொன்று, டொக்டர்மார் கணக்கிடுவது முதல் வெட்டிலிருந்து கடைசித் தையல் வரை. நாங்கள் கணக்கிடுவது தள்ளுவண்டி போனதிலிருந்து வந்தது வரை. மயக்க மருந்து கொடுப்பது, மேசையில் சரியாகப் படுக்க வைப்பது, பிறகு மயக்கம் தெளியும் வரை வைத்துப் பார்ப்பது எல்லாம் எங்கள் கணக்கில் உண்டு, அவர்கள் கணக்கில் இல்லை. உடல் பருத்தவர்களுக்கு, ஒப்பரேஷனுக்காகத் தலைப்பக்கத்தைப் பதித்துப் படுக்க வைக்கும்போது மூச்சுக்கே கஷ்டம் என்பதால் அங்கேயும் நேரம் போகும். செய்கிறவரின் கைப்பழக்கமும் இருக்கிறது. பழகுகிற இளம் டொக்டர் பக்கத்தில் நின்றால் கொஞ்சம் கூடத்தான் எடுக்கும். அது சரி, பழகாமல் நாளைக்கு யார் செய்வது?

சின்னத் துளை என்றால் சின்ன நேரம் என்ற நினைப்பே பிழை. 2004 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த ஒரு பெரிய ஆய்வில் வயிற்றைத் திறந்து செய்ததற்கு 50 நிமிடமும் கெமரா முறைக்கு 84 நிமிடமும் எடுத்திருக்கிறது. பிறகு வலி குறைவு, கெதியாக எழும்பலாம் என்பதுதான் கெமரா முறையின் இலாபம். அதற்காக எவ்வளவு நேரமும் எடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. நேரம் கூடக்கூட இரத்தம் கட்டிபடுவது, கிருமி தொற்றுவது போன்ற ஆபத்துகளும் கூடும். இடையில் கெமராவை விட்டுவிட்டு வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் அதைத் தோல்வி என்று சனம் கதைப்பதும் நிற்க வேண்டும்.

வைத்தியசாலைகளிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. "ரெண்டு மணித்தியாலம்" என்று ஒற்றைக் கணக்குச் சொல்லாமல், இவவுக்கு இன்ன இன்ன காரணத்தால் நாலு, ஐந்தும் ஆகலாம் என்று முதல்நாளே தமிழில் சொல்லுங்கள். சொன்ன நேரம் தாண்டினால் ஒரு தாதியாவது கதவடிக்கு வந்து "இன்னும் வேலை நடக்குது, ஆள் நல்லா இருக்கிறா" என்று சொல்லட்டும். ஒரு நிமிட வேலை. கிளினிக்கில் பழைய ஒப்பரேஷன்களைப் பற்றிக் கேட்கும்போது, எடுத்தது என்னவென்று மட்டும் கேட்காமல் வெடித்ததா, சீழ் பிடித்ததா, எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்றும் கேளுங்கள். இங்கே எங்கள் வயதுக்காரர் பலரிடம் பழைய துண்டுகள் இல்லை.

தங்கச்சி இப்போது நன்றாக இருக்கிறாள். ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது என்பதால் கிணற்றடி வேலை அவள் கணவருக்கு. அம்மா, எங்கள் இருவருக்கும் சின்ன வயதில் வந்த வருத்தம், நடந்த ஒப்பரேஷன் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தி ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறார். நேற்று இரவு 1987 வரை வந்திருந்தார்.

இப்படிக்கு,
தையல் ஆசிரியை ஒருவர்,
கோண்டாவில்.