கழிப்பறைப் படியையும் கேளுங்கள்

ஐயா, அங்கன்வாடிகளில் மாற்றுத்திறன் குழந்தைகளைச் சேர்ப்பது பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். 2023 நவம்பரில் மத்திய அரசு இதற்கென்றே நெறிமுறை வெளியிட்டது, சரி. ஆனால் பெற்றோரையும் மையப் பணியாளரையும் கேட்காமல் திட்டம் போட்டால் பாதிதான் பயன். மூளை முடக்குவாதம் உள்ள என் மகன் போகும் மையத்தில் சாய்தளம் கட்டினார்கள், கழிப்பறை வாசலில் அரையடிப் படி அப்படியே இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை, அதனால் தினமும் பதினொரு மணிக்கு நான் ஓடிப்போய் அவனைத் தூக்கிவிட்டு வருகிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்குள்ள உதவியாளர் அக்காவே சொல்லியிருப்பார்.

வரைபடம் போடும் முன்பு பெற்றோர், பணியாளர், உதவியாளர், சிறப்பாசிரியர், இயன்முறை மருத்துவர் எல்லோரையும் அந்த மையத்திலேயே ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேளுங்கள். அப்புறம் நிதி ஒதுக்குங்கள்.

– ஒரு தாய்