கிணறு, மடம், ஒழுங்கை: திருப்பணியின் முதற்பகுதி நிறைவு அறிக்கை

எமது பிள்ளையார் கோயில் பரிபாலன சபை அங்கத்தவர்களுக்கும், புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து பங்களித்த ஊரவர்களுக்கும் திருப்பணிக் குழு பணிவுடன் சமர்ப்பிப்பது. கோயிற் கிணறு, மடம், கோயில் வாசலிலிருந்து கிழக்கே வளவுகளுக்குச் செல்லும் ஒழுங்கை ஆகிய மூன்று வேலைகளும் நிறைவெய்தியுள்ளன. மூலஸ்தானம் தகரக் கொட்டகைக்குள் இருக்கையில் ஒழுங்கைக்கு ஏன் கல் பரவினீர்கள் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் எழுந்த கேள்விக்கும் இவ்வறிக்கையிலேயே விடையளிக்க முயன்றுள்ளோம்.

1990 ஜூனில் போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய எமது மக்களில் ஒரு பகுதியினர் யாழ்ப்பாணத்து நலன்புரி முகாம்களிலும், மற்றொரு பகுதியினர் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களிலும் வாழ்ந்தனர். 2013 ஏப்ரலில் இப்பிரதேசத்தின் 6,381 ஏக்கரை இராணுவத் தேவைக்கெனச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, இனி ஊர் திரும்புவது நடவாத காரியம் என்றே பலரும் எண்ணினர். 2015இலிருந்து காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. எமது பகுதியும் அவ்வாறு கிடைத்த பின்னர், இந்தியாவிலிருந்து திரும்பிய பதினொரு குடும்பங்கள் வந்து பார்த்தபோது வீடு, மதில், படலை எதுவும் இருக்கவில்லை. எது யாருடைய வளவு என்பதே தெரியவில்லை. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பெற்றோர் சொல்லக் கேட்ட ஊர். பெற்றோருக்கோ அடையாளம் காண முடியாத பற்றை.

வீட்டுத்திட்டப் பணம் பிரதேச செயலகத்தின் ஊடாக வருவது. உள்ளூர் வீதி, தெருவிளக்கு, குடிநீர் பவுசர், குப்பை அகற்றல் என்பன பிரதேச சபையின் பொறுப்பு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணி வெளிநாட்டு அங்கத்தவர்கள் சிலர் ஓர் அலுவலகத்துக்கு எழுதவேண்டிய கடிதத்தை மற்றதற்கு எழுதி, பதில் வராததையிட்டு எம்மைக் கடிந்துகொண்டதால் இதனைக் குறிப்பிடுகிறோம். வீட்டுக்குப் பணம் ஒதுக்கப்பட்டாலும் கல்லும் மணலும் ஏற்றிய உழவு இயந்திரம் வளவுக்குள் போக வழி வேண்டும். அத்திவாரத்துக்குச் சாந்து குழைக்கத் தண்ணீர் வேண்டும். இவை இரண்டும் இல்லாமையால் முதல் மாரியில் ஐந்து குடும்பங்கள் எமது மடத்தில் தங்கின. ஆகவே கூரை ஒழுகிய மடமே முதலில் திருத்தப்பட்டது. அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை. ஓடும் தீராந்தியும் மாற்றினோம், இரண்டு மலசலகூடங்கள் கட்டினோம்.

ஒழுங்கைதான் எம்மை வாட்டியது. வீதிப் பதிவேட்டில் உள்ள பாதைக்கே சபை நிதி செலவிடலாம் என்று பிரதேச சபையில் கூறப்பட்டது. பழைய பதிவில் ஒழுங்கையின் பெயர் இருந்தது. நிலத்தில் ஒழுங்கை இருக்கவில்லை. அப்போது எமது மூத்த அங்கத்தவர் ஒருவர், பற்றைக்குள் நேர்கோடாக நின்ற ஒன்பது பூவரச மரங்களைக் காட்டி, அவை அவருடைய தகப்பனார் வேலிக்கு நட்ட கதியால்கள் என்றார். வெட்டி வளைப்பார் இல்லாமல் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்து கதியால் பெருமரமாகிவிட்டிருந்தது. காணிப் பதிவகத்திலிருந்து எடுத்த உறுதிப் பிரதிகளுடன் நில அளவையாளர் அளந்து பார்த்தபோது, அவர் காட்டிய இடத்துக்கும் வரைபடத்துக்கும் ஒரு முழ வித்தியாசமே இருந்தது. பவுசர் திரும்புவதற்குப் போதிய அகலம் வேண்டுமென்று சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கேட்டதற்கிணங்க, இரு பக்கத்து உரிமையாளர்களும் மும்மூன்று அடி விட்டுக் கொடுத்தனர். ஒருவர் மட்டும் மறுத்தார். அவருடைய காணி ஏற்கனவே அரைப்பரப்புக்கும் குறைவாதலால் அவரை நாம் வற்புறுத்தவில்லை. அவ்விடத்தில் ஒழுங்கை சற்று ஒடுங்கும்.

சபை தனது இயந்திரத்தையும் சாரதியையும் தந்தது. கல், கிறவல், கூலி ஆகியவற்றை நாம் ஏற்றோம். 2022இல் டீசல் இன்றி இயந்திரம் மாதக்கணக்கில் நின்றது, சீமெந்தின் விலையோ கண்முன்னே ஏறியது. 2023 மார்ச்சில் பிரதேச சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை நிர்வாகம் செயலாளர்களிடம் இருந்தது. எமது வட்டாரத்துக்கென முறையிட ஓர் உறுப்பினர் இல்லாத அக்காலத்தில் வேலை நின்றுவிடும் என்று அஞ்சினோம். ஆனால் கோப்பு ஒழுங்காக இருந்தமையால் நின்றுவிடவில்லை என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறோம். மதகு கட்டிய ஒப்பந்தகாரர் கம்பியைக் குறைத்துப் போட்டது கண்டறியப்பட்டு, அவருடைய செலவிலேயே உடைத்துத் திரும்பக் கட்டப்பட்டது.

கிணற்றை இறைக்கும் முன் வெடிபொருள் அகற்றுவோரின் சான்று பெறப்பட்டது. முதலில் உடைந்த ஓடுகளும் முட்கம்பிச் சுருளும், பின்னர் ஒரு துண்டுத் தண்டவாளமும், அடியில் நசுங்கிய பித்தளைச் செம்பொன்றும் வந்தன. செம்பின் கழுத்தில் பொறித்திருந்த இரண்டு எழுத்துகளைக் கொண்டு உரியவரின் பேர்த்தியைக் கண்டுபிடித்து ஒப்படைத்தோம். மூன்று முறை இறைத்துக் குளோரின் இட்டபின் நீர் பரிசோதிக்கப்பட்டு, குடிக்க உகந்தது எனப்பட்டது. மூன்று முறை இறைத்துக் குளோரின் இட்டபின் நீர் பரிசோதிக்கப்பட்டு, குடிக்க உகந்தது எனப்பட்டது.

எமது நிலம் சுண்ணாம்புக் கல். மலசலகூடக் குழியின் கசிவு கல்வெடிப்பு வழியே கிணற்றுக்குள் இறங்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல்நீர் ஏறி உவராகும், ஒருமுறை உவரான கிணறு எளிதில் மீளாது. ஆகவே இக்கிணற்றுக்குப் பெரிய மோட்டார் பூட்டுவதில்லை எனவும், தோட்டத்துக்கு இங்கிருந்து இறைப்பதில்லை எனவும் குழு தீர்மானித்தது. இத்தீர்மானத்தில் அங்கத்தவர் சிலருக்கு மனவருத்தம் உண்டு. மழை குறைந்த ஆண்டில் அவர்களே இதன் பயனை அறிவர் என்பது எமது எண்ணம்.

கோயிலுக்கெனத் தந்த பணம் ஒழுங்கைக்குச் செலவிடப்படவில்லை. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்குப் பேணப்பட்டது. ஒழுங்கைக்கு, அதற்கென எழுதித் தந்தவர்களின் பங்களிப்பே எடுக்கப்பட்டது. கணக்காய்வு செய்த வரவு செலவு அறிக்கை மடத்தின் அறிவித்தற் பலகையில் உள்ளது. பற்றுச்சீட்டுகளைப் பொருளாளரிடம் பார்வையிடலாம். பதினொரு குடும்பங்களில் ஒன்பது இப்போது தத்தம் வீட்டில் உள்ளன. எஞ்சிய இரண்டின் காணிகள் இன்னும் முட்கம்பிக்கு அப்பால் இருப்பதால் அவர்கள் மடத்திலேயே தங்கியுள்ளனர். அவர்கள் இருக்கும்வரை மடம் வேறெந்த நிகழ்வுக்கும் கொடுக்கப்படமாட்டாது. மூலஸ்தான வேலைக்கான ஸ்தபதியின் மதிப்பீடு அடுத்த பொதுக்கூட்டத்தில் வைக்கப்படும்.

திருப்பணிக் குழுவினர்