மூன்றாம் மாடியிலிருந்து மீனாவுக்கு

காரைக்குடி,
கார்த்திகை மாதம்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் டெல்லி விலாசத்துக்குப் போய், அங்கிருந்து சுற்றிக்கொண்டு நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்பச் சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் டாக்டர் சொன்ன நாள்வரை விடாமல் போட்டுக்கொள். இனிமேல் காரைக்குடிக்கே எழுது. வந்து சேர்ந்துவிட்டோம்.

காரில்தான் வந்தோம். விமானத்துக்கு டிக்கெட் போடுகிறேன் என்று மகன் எவ்வளவோ சொன்னான், இவர் கேட்கவில்லை. "இத்தனை வருஷமா ரயில்ல தூங்கிக்கிட்டே தாண்டிட்டோம், ஒரு தடவையாவது பாத்துக்கிட்டே போவோம்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆக்ராவில் 44-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் நாமக்கல் தாண்டும்வரை அதே சாலைதான். நாக்பூருக்குத் தெற்கே நாம் ஏழாம் நம்பர் ரோடு என்று சொல்லிப் பழகியதும் இதைத்தான். 2010-இல் எண்ணை மாற்றிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் வரைபடத்தில் நீலப் பென்சிலால் வரைந்தோமே, அந்த ஆறுகளில் பாதியைப் பாலத்தின் மேல் கடந்துவிட்டேன் மீனா! தோல்பூர் தாண்டியதும் சம்பல். தண்ணீர் அரித்து அரித்து மண் மடிப்பு மடிப்பாக நிற்கிறது, ஒரு ஆள் உள்ளே இறங்கினால் வெளியே தெரியமாட்டார். அப்புறம் நர்மதை. ஓரமாக வண்டியை நிறுத்தச் சொல்லிக் கீழே இறங்கி, தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டேன். கோதாவரி, கிருஷ்ணா, கர்னூல் வாசலில் துங்கபத்திரை. சிவனிக்கும் நாக்பூருக்கும் நடுவே பெஞ்ச் காடு வருகிறது. அங்கே பல இடங்களில் சாலையைத் தூணில் தூக்கிக் கட்டி, அடியில் விலங்குகள் போக வழி விட்டிருக்கிறார்கள். அந்த வழியாகப் புலிகள் கடந்துபோவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. ரோடு போடுகிறவர்கள் புலியையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

நாக்பூருக்குத் தெற்கே, பாண்டர்கவடா பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் டி.என். 28 லாரி ஒன்று நின்றது. நாமக்கல் வண்டி. டிரைவரும் கிளீனரும் வண்டி நிழலில் ஸ்டவ் வைத்து ரசம் கொதிக்க விட்டிருந்தார்கள். அந்த மிளகு வாசனை காருக்குள்ளேயே வந்துவிட்டது. நான் தமிழில் பேசியதுதான் தாமதம், "வாங்கக்கா, சோறு ரெடியாயிட்டுதுங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று டிரைவர் எழுந்தே நின்றுவிட்டார். ரொட்டியும் பருப்புமாகவே வந்த நாக்குக்கு அந்த ரசம் சோறு அமிர்தம். காசு கொடுத்தால் வாங்கவில்லை. எங்கள் பையில் இருந்த கஜக் மிட்டாயைக் கிளீனர் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

பெங்களூரில் உன் மகள் வீட்டில் இறங்கினோம். உன் பேத்தி என் தோளை விட்டு இறங்கவில்லை. மூக்கு அப்படியே உன் மூக்கு. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே கொஞ்சம் பயம். அதைத் தாண்டியபின் கவலையில்லை. கரூரிலிருந்து திருச்சிவரை காவிரியோடு வந்து, புதுக்கோட்டை தாண்டி, திருமயம் கோட்டை கண்ணில் பட்டதும் இவர் பேச்சை நிறுத்திவிட்டார். செம்மண்ணைப் பார்த்தால் அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். பள்ளத்தூரில் அவ்வளவு பெரிய வீடு இருக்க, காரைக்குடியில் எதற்கு ஃப்ளாட் என்று நீயும் கேட்டிருக்கிறாய். இங்கே கேட்காத ஆளில்லை. அந்த வீட்டுக்கு ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு. கூட்டி முடிக்கவே ஒரு பொழுது ஆகும். பங்காளிகள் சிங்கப்பூரிலும் சென்னையிலுமாக இருக்கிறார்கள். ஒரு ஓடு மாற்றுவதென்றாலும் எல்லோரையும் கேட்கவேண்டும், கேட்பதுதான் முறையும். கல்யாணம், சாந்தி என்றால் எல்லோரும் கூடுவோம், அன்றைக்கு அது வீடு. இரண்டு பேர் தினப்படி பொங்கிச் சாப்பிட அது தோதுப்படாது.

ஃப்ளாட்டில் அடுப்படியை அடுக்கும்போது நான் கல்யாணமாகி வந்த புதிது ஞாபகத்துக்கு வந்தது. எங்களைத் தனிச் சமையலாக வேறு வைத்தபோது மாமியார் அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் அளந்து கொடுத்து, வளவில், அதாவது நடு முற்றத்துப் பகுதியில், ஓர் உள்வீட்டு அறையையும் ஓர் அடுப்பையும் எனக்கென்று ஒதுக்கினார்கள். ஒவ்வொரு மகனுக்கும் அப்படித்தான். நடுவில் வளவு எல்லோருக்கும் பொது, மழை விழுந்தாலும் வெயில் விழுந்தாலும் எல்லோருக்கும்தான். யோசித்துப் பார், ஒரே கூரைக்குக் கீழே தனித்தனி அடுப்பு என்பது நமக்குப் புதிதா? இங்கே மூன்றாம் மாடியில் எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் இருக்கிறார். நாங்கள் பால் காய்ச்சிய அன்றே வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த நாள் என் வீட்டுக் கந்தரப்பம் அங்கே போனது. பழைய வளவிலும் தட்டுகள் இப்படித்தானே போய் வந்தன.

சாமான் லாரி சொன்ன நாளுக்கு வரவில்லை. வந்தபோது மாமியார் படத்தின் கண்ணாடி உடைந்திருந்தது. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவரை நிம்மதி. கேஸ் கனெக்‌ஷன் மாறிவிட்டது. காருக்கு டெல்லியில் தடையில்லாச் சான்று வாங்கி வந்தோம், டி.என். 63 நம்பர் இன்னும் வரவில்லை. தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும். டெல்லியில் வடிகட்டி வடிகட்டிக் குடித்த எனக்கு, இந்த ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீரை ஒரு செம்பு குடித்ததும் நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

தரையெல்லாம் கடையில் வாங்கிய வெள்ளை டைல்ஸ். சாமி அறைக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல் பதிக்கவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஆத்தங்குடிக்கே போய், கல் செய்வதை உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடிப் பலகையின் மேல் தகட்டு அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை அலுங்காமல் எடுத்தால் பூ நிற்கிறது. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரச் சாந்தை வைத்து மட்டம் தட்டுகிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி தானாகக் கழன்றுகொள்கிறது. சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. அந்தக் கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லுக்கு வருகிறது. "பதிச்சதும் மங்கலாத்தான் இருக்கும் ஆச்சி, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைங்க, நடக்க நடக்க மினுங்கும்" என்றார் கல் செய்கிற தம்பி. சிவப்பில் மஞ்சள் பூ எடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் பதிக்க வருகிறார்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போயிருந்தேன். இடித்த வீடுகளின் தேக்குத் தூண்களையும் இனாமல் தூக்குகளையும் அடுக்கி விற்கிறார்கள். ஒரு கடைக்குள் போனேன், ஒரு நிலைக்கதவின் மேல் கஜலட்சுமியைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். எந்த வீட்டு வாசலில் எத்தனை கல்யாணம் பார்த்த கதவோ! எங்கள் வீட்டுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் மாதாமாதம் போய்த் திறந்து, கூட்டி, விளக்கேற்றிவிட்டு வருவதென்று முடிவு செய்திருக்கிறோம். பங்காளிகளும் ஓடு மாற்றச் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். பிள்ளையார் நோன்பு வருகிறது. இவ்வளவு வருஷமும் டெல்லியில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, மாவில் வைத்து ஏற்றிய திரியைச் சுடரோடு விழுங்கி இழை எடுத்துக்கொண்டோம், இந்த வருஷம் எங்கள் வீட்டில். 21 இழைத் திரி நான் திரித்துவிடுகிறேன், மாவும் நானே இடித்துக்கொள்கிறேன். நீயும் அண்ணனும் இரண்டு நாள் முன்பே வந்துவிடுங்கள். கோயம்புத்தூரிலிருந்து காரில் வேண்டாம், உனக்கு இப்போதுதான் கண் ஆறுகிறது. திருச்சிவரை ரயிலில் வாருங்கள், இவர் வந்து அழைத்துவருவார். ஆவாரம்பூ இங்கே கிடைத்துவிடும், நீ ஒன்றும் சுமந்துவர வேண்டாம். டிக்கெட் போட்டதும் ஒரு போன் செய்துவிடு, எதிர் வீட்டு டீச்சரிடமும் சொல்லிவைக்கவேண்டும்.

அன்புடன்,
வள்ளி