கர்சர் விரலோடு வராததேன்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. விண்டோசுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கு எழுதப்பட்ட பழைய விளையாட்டுகளை டேப்லெட்டில் மறுபடியும் ஆடத் தொடங்கிவிட்டாய் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. விரல் ஓரிடத்திலும் கர்சர் வேறோர் இடத்திலும் நிற்கின்றன என்று எழுதி, திரையில் கோளாறோ என்று ஐயப்பட்டிருக்கிறாய். திரை நன்றாகத்தான் இருக்கும்.

அந்தக் காலத்து மவுஸ், தான் எங்கே இருக்கிறது என்பதை அறியாது. எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் ‘மிக்கி’ என்ற அலகில் எண்ணிச் சொல்லும். பல விளையாட்டுகள் இந்த எண்ணிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு, கர்சரின் இடத்தைத் தாமே கணக்கிட்டன. 1993இல் வந்த ‘டூம்’ விளையாட்டில் கர்சரே கிடையாது. மவுஸின் நகர்வு திரும்புவதற்கும் நடப்பதற்குமே பயன்படும். தொடுதிரையோ விரல் பட்ட இடத்தைத்தான் சொல்லும். அந்த இடத்தை நகர்வாக மாற்றி விளையாட்டுக்குக் கொடுக்கும்போது, இரண்டின் அளவும் ஒத்துப்போகாவிட்டால் பிசகு சிறிது சிறிதாகச் சேர்ந்து, கடைசியில் நீ கண்டதுபோல் கர்சர் தனிவழி போய்விடும்.

ஆகையால் டாஸ் கணினியைப் போல நடித்து அந்த விளையாட்டுகளை ஓட்டும் டாஸ்பாக்ஸ் செயலி வழியாக ஆடும்போது, திரையையே மடிக்கணினியில் இருப்பதுபோன்ற டச்பேடாக, அதாவது விரலை உரசிக் கர்சரை நகர்த்தும் பலகையாக மாற்றிக்கொள் என்பதே என் யோசனை. பழைய விளையாட்டுகளை ஓட்டும் ரெட்ரோஆர்க் செயலியில் கிடைக்கும் டாஸ்பாக்ஸ் ப்யூர் என்ற வடிவத்தில், மவுஸ் உள்ளீட்டுக்கான அமைப்பில் தொடுதிரைக்கென்றே டச்பேட் முறை உண்டு. அதன்பின் விரல் எங்கே இருந்தாலும் கவலையில்லை. அது நகரும் திசையும் தூரமும்தான் கணக்கு. மவுஸ் வேகத்தை முதலில் குறைவாகவே வைத்துக்கொள். வேகம் கூடினால் சிறிய பொத்தான்களைத் தாண்டி ஓடிவிடும் கர்சரைத் துரத்துவதே வேலையாகிவிடும்.

சுட்டிக் கிளிக் செய்து ஆடும் பழைய சாகச விளையாட்டுகளை ஓட்டும் ஸ்கம்விஎம் செயலியின் கதை வேறு. அது பழைய நிரலை அப்படியே ஓட்டாமல், விளையாட்டின் இயக்கத்தையே புதிதாக எழுதி வைத்திருப்பதால், தொட்ட இடத்துக்கே கர்சரைக் கொண்டுவந்துவிடும். அங்கே நேரடித் தொடுகை பிசகுவதில்லை. ஆயினும் அதிலும் நான் டச்பேட் முறையையே விரும்புகிறேன். 1990இல் வந்த ‘மங்கி ஐலண்ட்’ விளையாட்டை எடுத்துக்கொள்: கர்சரை ஒரு பொருளின்மேல் கொண்டுபோனாலே அதன் பெயர் கீழே தோன்றும்; காட்சி முழுவதையும் அப்படித் துழாவிப் பார்ப்பதில்தான் பாதி இன்பம். டச்பேட் முறையில் விரல் ஓர் ஓரமாக ஊர்ந்துகொண்டிருக்க, கண் தடையின்றிக் காட்சியில் திரியலாம். மேலும் அந்த விளையாட்டுகளின் திரை 320 பிக்சல் அகலமும் 200 பிக்சல் உயரமும்தான். ஆறரை சென்டிமீட்டர் உயரமுள்ள கைபேசித் திரையில் ஒரு விரல்நுனி அந்த 200 பிக்சல் வரிகளில் 25ஐயாவது மறைத்துவிடும். சாவியைத் தேடுகிறவன் சாவியின்மேலேயே கை வைத்து மறைத்துக்கொள்வானேன்?

வலது கிளிக் வேண்டுமென்றால் ஸ்கம்விஎம்மில் இரண்டு விரலால் தட்டு. மவுஸை இழுத்துக் கட்டம் வரைந்து படைகளைத் தேர்ந்தெடுக்கும் போர் விளையாட்டுகளுக்கு மட்டும் இந்த வித்தைகள் எதுவும் எனக்கு நிறைவு தரவில்லை. அவற்றை ஆடும்போது புளூடூத் மவுஸ் ஒன்றை இணைத்துக்கொள்வதே நலம். ஆண்ட்ராய்டு அதைத் தடையின்றி ஏற்கும்.

நீ இப்போது ஆடுவது எந்த விளையாட்டு என்பதை எழுதவே இல்லையே. அதையும், டச்பேட் முறைக்கு மாறியபின் கர்சர் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்